பச்சை அட்டையும் திண்டுக்கல் ஒப்பந்தமும்

வணக்கம். என் மகள் ஹெச் அண்ட் எம் என்ற சுவீடன் நாட்டு ஆடை நிறுவனத்தின் கடையில் துணி எடுப்பதை நிறுத்திவிட்டாள். சுற்றுச்சூழல், கூலி என்று அவர்கள் பேசுவதெல்லாம் வெறும் விளம்பரமாம். திருப்பூரில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் தம்பியோ, "அவங்க ஆடிட் மாதிரி கெடுபிடி எங்கேயும் இல்லை, உள்ளூர் சரக்கை யார் கேட்கிறாங்க?" என்கிறான். ஒரு கடை நேர்மையானதா என்று வாங்குகிறவர்கள் எதை வைத்து முடிவு செய்வது?
– சுதா, கோவை

அன்புள்ள சுதா,

உங்கள் மகளின் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அந்த நிறுவனம் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பொருளில் 'கான்ஷியஸ்' என்று பச்சை அட்டை தொங்கவிட்டு விற்றது. அத்தகைய வாசகங்கள் தெளிவாக இல்லை என்று நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் சொன்னபின், அவற்றை மாற்றவோ கைவிடவோ 2022-இல் ஒப்புக்கொண்டு, 5 லட்சம் யூரோ நன்கொடை தருவதாகவும் உறுதி தந்தது. எனக்கு அதைவிட உறுத்துவது கூலி விஷயம். 2018-க்குள் 8.5 லட்சம் தொழிலாளர்களுக்கு வாழ்வதற்குப் போதுமான கூலி கிடைக்க வழிசெய்வோம் என்று 2013-இல் அறிவித்தார்கள். கெடு முடிந்தபோது அந்தக் கூலி வந்து சேரவில்லை என்று தொழிலாளர் அமைப்புகள் கணக்கு காட்டின. அதற்காக நிறுவனத்தை யாராலும் கோர்ட்டுக்கு இழுக்க முடியவில்லை. அது வெறும் அறிவிப்புதானே.

தம்பி நம்பும் ஆடிட்டுக்கு, அதாவது பிராண்டுகளுக்காக ஆலைகளில் நடக்கும் சோதனைக்கு, வருகிறேன். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆலை 2012 செப்டம்பரில் எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ. 8000 என்ற தரச்சான்று கிடைத்திருந்தது. ஆடிட்டர் ரெஜிஸ்டரைப் பார்ப்பார், தீயணைப்பானை எண்ணுவார். சூப்பர்வைசர் தொல்லை தருகிறான் என்று எந்தப் பெண் அவரிடம் வாய் திறப்பாள்? அவர் போன பிறகும் அவள் அதே தையல் லைனில்தானே உட்கார வேண்டும். தவிர, ஆடிட் பெரும்பாலும் தையல் கம்பெனியோடு நின்றுவிடும். கல்யாணத்துக்குத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சில ஆண்டுகள் வேலையில் பிடித்துவைத்த சுமங்கலி திட்டம் நடந்தது நூல் மில்களில். நொய்யலைக் கெடுத்தவை சாயப்பட்டறைகள். 2011 ஜனவரியில் அவற்றை மூடவைத்தது சென்னை உயர் நீதிமன்றம், ஆர்டர் தரும் எந்தப் பையரும் இல்லை.

ஆனால் இதே ஹெச் அண்ட் எம் கையெழுத்திட்ட இன்னொரு தாளும் உண்டு. அதன் சப்ளையரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸின் திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்த 20 வயதுப் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியதில் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். லைனில் உட்கார்ந்திருப்பவளே புகாரை எடுத்துப்போக வழி உண்டானது. சப்ளையர் ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு வியாபார ரீதியில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். கேப், பி.வி.ஹெச் என்ற அமெரிக்க ஆடை நிறுவனங்களும் பின்னர் சேர்ந்தன. இதில் வந்த தொழிலாளர்கள் சில ஆயிரம் பேர்தான். அந்தப் பிராண்டுக்காக உலகெங்கும் தைக்கிறவர்களில் இது சிறு துளி.

ஆகவே நான் அட்டையையும் ஆண்டறிக்கையையும் ஓரமாக வைத்துவிடுவேன். வாக்கை மீறினால் அந்த நிறுவனத்துக்கு என்ன நஷ்டம், அதைக் கேட்கும் உரிமை யாருக்கு என்று பார்ப்பேன். தையல் கம்பெனியோடு மில், சாயப்பட்டறை பெயர்களையும் வெளியிடுகிறதா என்பது அடுத்தது. உள்ளூர் சரக்கு பற்றி உங்கள் தம்பி சொல்வது நியாயம். அங்கே கேட்க ஆளே இல்லை. அதனால் அது சுத்தம் என்று ஆகிவிடாது.

கடையைப் புறக்கணிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது டெய்லர்கள்தான். 2020 கொரோனாவில் தைத்து முடித்த ஆர்டரையே பல பிராண்டுகள் ரத்து செய்தபோது, தைத்ததற்கும் தைத்துக்கொண்டிருப்பதற்கும் பணம் தருவோம் என்று முதலில் சொன்னவர்களில் ஹெச் அண்ட் எம்மும் ஒன்று. இதை மகளிடம் சொல்லுங்கள். தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: இந்த சீசனில் பையர் பீஸுக்கு எவ்வளவு குறைத்தார், டெலிவரியில் எத்தனை நாள் பிடுங்கினார்? ஓவர்டைம் எங்கிருந்து வருகிறது என்று தம்பிக்கே தெரியும்.