அனுப்பியாச்சு, போய்ச் சேர்ந்ததா?

வாசகர் கேள்வி – பதில்: குடும்ப வாட்ஸ்அப் குழு

? என் பெரியப்பா காலமான செய்தியை உறவினர் ஒருவர் உடனே குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். சென்னையில் வேலை பார்க்கும் பெரியப்பா மகள், பஸ்ஸில் போகும்போது அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

அந்தப் பெண்ணை நினைத்தால் மனசு கனக்கிறது. 2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட தந்தி, வீட்டு வாசலுக்கு வந்தது. பிரித்துப் படிக்கும்போது பக்கத்தில் பெரும்பாலும் யாராவது இருந்தார்கள். குழுவில் போடும் செய்தியோ ஒரே நொடியில் நாற்பது பேர் கைக்குப் போய்விடுகிறது. அவர்களில் யார் வண்டி ஓட்டுகிறார், யார் தனியாக இருக்கிறார் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாது.

முதலில் போன், பிறகுதான் குழு. ஒரு தாளில் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், சம்பந்தி வீடு என்று வரிசையாக எழுதுங்கள். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் பெயருக்கு நேரே டிக் போடட்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளை என்றால் முதலில் அவர் கணவருக்கோ அறைத்தோழிக்கோ சொல்லி, பக்கத்தில் போய் நிற்கச் சொல்லுங்கள். நெருங்கிய எல்லாருக்கும் சொல்லி முடிக்கும் வரை குழுவில் யாரும் எதுவும் போடக் கூடாது. அட்மின் இதில் கறாராக இருக்க வேண்டும்.

பிறகு ஒரே ஒரு செய்தி: பெயர், உறவுமுறை, காலமான நேரம், உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், போனை எடுத்துப் பேசக்கூடிய இரண்டு இளைஞர்களின் எண்கள். இதில் ‘இன்று’, ‘நாளை’ என்று எழுதவே வேண்டாம். தேதியும் கிழமையும் எழுதுங்கள். இரவு போட்ட ‘நாளை காலை 11 மணி’யை மறுநாள் விடிந்ததும் பார்ப்பவர், இன்னும் ஒரு நாள் இருக்கிறதென்று நினைத்துக்கொள்கிறார். அதே செய்தியை ஃபார்வர்டில் வாங்குபவருக்குக் குழப்பம் இன்னும் அதிகம்.

லொகேஷனை வீட்டு வாசலில் நின்றுகொண்டு அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபடி ‘கரண்ட் லொகேஷன்’ அனுப்பினால் வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். ‘லைவ் லொகேஷன்’ வேண்டாம். அது அனுப்பியவர் நகர நகரத் தானும் நகரும். அதிகபட்சம் 8 மணி நேரத்தில் நின்றும்போகும்.

அடுத்து வரும் ‘ஆழ்ந்த இரங்கல்’கள் முகவரியை மேலே தள்ளிவிடும். அதனால் அந்தச் செய்தியை ‘பின்’ செய்து வையுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று தேர்வு இருக்கிறது. அது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய, உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’ பாருங்கள். யார் யார் படித்தார்கள் என்று காட்டும். நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர்கள் பெயரும் குழுவில் தெரியும். மாலை வரை படிக்காதவர்களுக்குப் போன் செய்துவிடுங்கள்.

யாராவது முந்திக்கொண்டு போட்டுவிட்டால் அட்மினே அதை எல்லாருக்கும் அழிக்கலாம். ஆனால் அதற்குள் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

? அம்மாவுக்குப் படிக்க வராது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ‘ஒன்றும் கேட்கவில்லை, போன் கறுத்துப்போகிறது’ என்கிறார்.
– வாசகர், துறையூர்

போன் கெடவில்லை. வாய்ஸ் மெசேஜ் ஓடும்போது போனைக் காதுக்குக் கொண்டுபோனால், மேலே இருக்கும் சென்சார் திரையை அணைத்து, சத்தத்தை ஸ்பீக்கரிலிருந்து காதுப்பக்கத்துக்கு மாற்றிவிடும். அம்மா விரலோ, மேல்விளிம்பு வரை வரும் உறையோ சென்சாரை மறைத்தாலும் இதுதான் நடக்கும். மேல்விளிம்பைத் துடைத்துவிட்டு, போனைக் கட்டில்மேல் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். காதில் வைத்துத்தான் கேட்பேன் என்றால், மெசேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்யூமைக் கூட்டி வைக்க வேண்டும்.

அம்மா பேசி அனுப்புவது அரைகுறையாக வருகிறதா? மைக் பெரும்பாலும் போனின் அடிப்பகுதியில் இருக்கும். உள்ளங்கை அதை மூடிவிடும். இன்னொன்று, மைக் பொத்தானிலிருந்து விரல் எடுத்தவுடன் பதிவு நின்று, அந்த அளவோடு போய்விடும். பொத்தானை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். பிறகு நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பும்போது ஒரு மெசேஜுக்கு ஒரு விஷயம் போதும், ஒரு நிமிடத்துக்குள். மாத்திரை, கரண்ட் பில், பேரன் பரீட்சை மூன்றையும் ஐந்து நிமிடப் பேச்சில் கலந்தால், மாத்திரை விவரத்தை மறுபடி கேட்க அம்மா முழுவதையும் ஓட்ட வேண்டும்.

? கல்யாண போட்டோக்களைக் குழுவில் வாங்கி ஆல்பம் போட்டோம். அச்சில் எல்லாம் மங்கல். போனில் பளிச்சென்றுதானே இருந்தது?
– வாசகி, காரைக்குடி

சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சல்தான் மிஞ்சும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அப்படியென்றால் 1600 பிக்சல் ஐந்தே கால் அங்குலத்துக்குத்தான் வரும். அதை 18 அங்குலப் பக்கத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. கைக்குள் அடங்கும் திரையில் இந்தக் குறை தெரியாது.

எடுத்தவரிடமே மறுபடி கேளுங்கள். கிளிப் குறியைத் தொட்டு, ‘டாக்குமென்ட்’ வழியாகப் படக்கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். எடுத்தபடியே வரும். ‘எச்டி’ பொத்தான் கொஞ்சம் தேவலாம், ஆனாலும் அது அசல் இல்லை. அசல் அழிந்திருந்தால் அந்தப் படத்தை 4க்கு 6 அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

? நீல டிக் வந்தும் மருமகள் பதில் போடுவதில்லை. அலட்சியமா?
– வாசகி, தாம்பரம்

நீல டிக் சொல்வது உரையாடல் அந்த போனில் திறக்கப்பட்டது என்பதை மட்டும்தான். குழந்தை கையில் போன் இருந்தாலும் நீலமாகும். அவசரம் என்றால் கூப்பிட்டுவிடுங்கள்.

? சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஃபார்வர்டுகளை மாமா தினமும் அனுப்புகிறார். எப்படித் தடுப்பது?
– வாசகர், திண்டுக்கல்

செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்புகிறவருக்கு அது யாரிடமிருந்தோ வந்து, குறைந்தது ஐந்து கை மாறியது என்று அர்த்தம். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் ஃபார்வர்டு செய்ய முடியும். ஆனால் காப்பி எடுத்து ஒட்டினால் அம்பும் போய்விடும், கட்டுப்பாடும் போய்விடும். அதனால் அம்பு இல்லாததை மட்டும் வைத்து எதையும் நம்ப வேண்டாம்.

குழுவில் எல்லார் முன்னாலும் ‘இது பொய்’ என்று போடாதீர்கள். மாமா தன் மரியாதைக்காக அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். தனியாகக் கூப்பிட்டு, முதலில் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று கேளுங்கள். நிறுத்தியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்த ஃபார்வர்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், மாமா முன்னாலேயே.