கன்சில் காரில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் 'டக் டக்' என்கிறது, வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பீடோங் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் தினமும் ஓடுகிற கார் என்கிறீர்கள். அப்படியானால் என் முதல் சந்தேகம் டிரைவ் ஷாஃப்ட்டின் (எஞ்சின் சக்தியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின்) வெளிப்பக்க சிவி ஜாயிண்ட் மேல்தான். சக்கரம் திரும்பும்போதும் தண்டு சுழல வழிவிடும் மூட்டு அது. காலித் திடலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க ஜாயிண்ட். அப்புறம் முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, ரிம்மின் உட்புறமெல்லாம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். அந்தக் கிழிசல் வழியே மண் புகுந்து ஜாயிண்டுக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகளைத் தின்றுவிடும். சத்தம் வருமுன் பார்த்திருந்தால் பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் போதும். இப்போது ஜாயிண்டையே மாற்ற வேண்டும். வீட்டில் செய்யலாம்தான். ஆனால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய ஹப் நட் லேசில் அசையாது, நீளக் கைப்பிடி வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், காரைத் தாங்கும் ஸ்டாண்ட் கட்டாயம்.