பாதி கொடுத்துக் கணக்கை முடிக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2019-ல் வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் 22 லட்சம் வாங்கித் தறி போட்டேனுங்க. கூலி கட்டுப்படியாகாமல் தறி நின்று ஒன்றரை வருஷமாச்சு. அசல் பாக்கி 14 லட்சம். வட்டியோடு 19 லட்சத்து 60 ஆயிரம் கட்டச் சொல்கிறார்கள். மச்சான் 9 லட்சம் தருகிறேன் என்கிறார். அதைக் கட்டி முடித்துக்கொள்ள முடியுங்களா? வீடு 40 லட்சம் போகும்.
– விசைத்தறிக்காரர், சோமனூர்

பதில்: 9 லட்சத்துக்கு முடிய வாய்ப்பு மிகக் குறைவு. காரணம் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. இப்படிக் குறைந்த தொகையை மொத்தமாகக் கட்டிக் கணக்கை முடிக்கும் ஒரே தவணைத் தீர்வுக்கு வங்கி முதலில் பார்ப்பது உங்கள் கஷ்டத்தை அல்ல, ஏலம் விட்டால் ஈடு என்ன விலை போகும் என்பதை. 40 லட்சம் மதிப்புள்ள வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு 14 லட்சம் அசலில் 5 லட்சத்தை விட்டுக்கொடுக்க எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட யோசிப்பார். நாளைக்குத் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் இடம் இருக்கிறது. இரண்டு தொகைகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்: கணக்கு வாராக்கடன் ஆன அன்று நின்ற பாக்கி ஒன்று, அதன்பின் சேர்ந்த வட்டி மற்றொன்று. தவணை 90 நாளுக்கு மேல் நின்றுவிட்டால் அது வாராக்கடன். அதற்குப் பிறகு ஏறும் வட்டி கைக்கு வராமல் வங்கி அதை வருமானமாகக் காட்ட முடியாது, தனியாகக் குறித்து வைத்திருக்கும். பேரம் பெரும்பாலும் இந்த வட்டியிலும் அபராதக் கட்டணத்திலும்தான் படியும். அசலை ஒட்டி 14 லட்சத்துக்குக் கேளுங்கள், அது பேசக்கூடிய தொகை. மீதி 5 லட்சத்துக்குத் தறியை விற்கலாம் என்று தோன்றும். தறியும் வங்கிக்கு ஈடாக இருந்தால், எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஒரு தறியைக்கூட இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். அது குற்ற வழக்கு வரை போகும்.

கிளை மேலாளருக்கு இதில் முடிவெடுக்கும் அதிகாரம் அனேகமாக இருக்காது. கடிதத்தை அவரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி, இன்னொரு நகலை மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பணம் எங்கிருந்து வருகிறது. மச்சானின் வங்கிக் கணக்கு நகலை இணைத்தால் நான்கு பக்கக் கண்ணீரை விட வேலை செய்யும். முன்பணம் கேட்டால், கடன் கணக்கில் நேராகக் கட்ட வேண்டாம். வங்கி தானாகக் கடனுக்கு எடுத்துக்கொள்ள முடியாத 'நோ-லியன்' கணக்கில் போட்டு, கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

தீர்வுத் தொகையைக் கட்ட மூன்று மாதத்துக்கு மேல் கெடு கொடுத்தால் அதைக் கடன் மறுசீரமைப்பாகத்தான் கணக்கிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் விதி. அதனால் நீண்ட கெடு கிடைப்பது கஷ்டம். கையில் இருக்கும் பணத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். கெடு தவறினால் தீர்வு ரத்தாகி, கட்டியது பழைய பாக்கியில் கழிந்து, தள்ளிய வட்டியெல்லாம் திரும்ப உயிர் பெறும். நீதிமன்றம் கெடுவை நீட்டித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. ஒரே தவணைத் தீர்வை உரிமையாகக் கேட்க முடியாது என்பது அதற்கு முந்தைய வருஷத் தீர்ப்பு.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி கைப்பற்ற வழிவிடும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வந்தால், ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வங்கி 15 நாளில் பதில் தந்தாக வேண்டும். பிறகு சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால், கோவை கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு 45 நாள் இருக்கிறது. "பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று சும்மா இருந்தால் அந்த 45 நாள் நிற்காமல் ஓடிவிடும்.

முடிந்த பிறகு: பத்திரத்தை உடனே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 30 நாளில் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதி தனிநபர் கடன்களுக்கானது, தொழில் கடனுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் ரசீது ஆவணமும் பதிவு செய்து, வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். இதை விட்டவர்கள் வீடு விற்கும்போதுதான் அலைகிறார்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுதும் கட்டாமல் பேசி முடித்தது) என்று பல வருஷம் நிற்கும். சமரசம் செய்த வங்கியில் குறைந்தது 12 மாதம் புதுத் தொழில் கடன் கிடைக்காது.

கேள்வி: மாமா வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டேன். அவர் குறைத்துப் பேசிக் கட்டி முடித்துவிட்டார். இப்போது மீதிக்கு எனக்கு நோட்டீஸ் வருகிறது. இது நியாயமா?
– வாசகர், பவானி

பதில்: மாமாவுக்கு வந்த தீர்வுக் கடிதத்தைப் படியுங்கள். "கடன்தாரர், ஜாமீன்தாரர் அனைவர் மீதும் உள்ள பாக்கி முழுதும் தீர்ந்தது" என்று இருந்தால் அதன் நகலோடு பதில் அனுப்புங்கள், அத்துடன் முடிந்தது. அந்த வரி இல்லை என்றால் சிக்கல். ஜாமீன்தாரரைக் கேட்காமல் கடன்காரரோடு சமரசம் செய்தால் ஜாமீன் விடுபடும் என்று ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் வங்கிகளின் அச்சடித்த ஜாமீன் பத்திரத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாக வழக்கமாக ஒரு பத்தி இருக்கும். வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். நீங்கள் கட்ட நேர்ந்தால் அந்தத் தொகையை மாமாவிடம் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு. உறவில் உண்டா என்பது வேறு.

கேள்வி: பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். நூல் கடைக்கு 6,40,000 பாக்கி. ஒரு வருஷம் ஓடிவிட்டது. "4 லட்சம் குடு, கணக்கை முடிச்சுக்கலாம்" என்கிறார் கடைக்காரர். வாய்ப்பேச்சு போதுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் மொத்தக் கடனும் தீரும். ஒப்பந்தச் சட்டம் 63-வது பிரிவில் இதற்கு உதாரணமே இருக்கிறது: 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 வாங்கிக்கொண்டால் முடிந்தது. ஆனால் "முழுத் தீர்வாக" வாங்கினார் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே பணம் அனுப்பும் முன் அவர் லெட்டர்பேடில், பில் எண்களைக் குறித்து, "4,00,000 வரவானதும் பாக்கி எதுவும் இல்லை" என்று கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் ஆடிட்டரிடம் உடனே சொல்ல வேண்டியது ஜிஎஸ்டி. பில் தேதியிலிருந்து 180 நாளில் கொடுக்காத தொகைக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (நூல் வாங்கும்போது பில்லில் சேர்ந்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை) திருப்ப வேண்டும். உங்களுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது. 4 லட்சம் கொடுத்ததும் அதற்கான வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தள்ளிய 2,40,000-க்கு உரியது திரும்பாது: பருத்தி நூலுக்கு 5 சதவீதம் என்றால் சுமார் 11,430 ரூபாய், 18 சதவீத வட்டி தனி. வரி போக மீதமுள்ள சுமார் 2,28,570 உங்கள் வருமானத்தில் சேரும். கடைக்காரருக்கும் நஷ்டம்தான். வாராக்கடனுக்குக் கிரெடிட் நோட்டு (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு அவர் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அவர் 4 லட்சத்துக்குக் கீழே இறங்க மறுத்தால் அதில் அர்த்தம் இருக்கிறது.

கேள்வி: பைனான்ஸ்காரரிடம் 3 லட்சத்துக்குப் புரோநோட்டும், தொகை எழுதாத இரண்டு செக்கும் கொடுத்திருக்கிறேன். 2 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தால் போதும் என்கிறார்.
– வாசகர், காங்கேயம்

பதில்: ரொக்கம் வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாகத் திருப்பினால் வருமான வரித் துறை அதே அளவுக்கு அபராதம் போடலாம். கணக்கு வழியாக அனுப்புங்கள். சாட்சியும் அதுதான்.

புரோநோட்டின் தேதியையும் பாருங்கள். மூன்று வருஷம் தாண்டி, நடுவில் வரவு எழுதிக் கையெழுத்துப் போடாமல் இருந்தால் வழக்குப் போடும் காலம் முடிந்திருக்கும். பேரத்தில் அது உங்கள் பலம். காலம் முடியும் தறுவாயில் "சும்மா ஒரு ஆயிரம் வரவு வையுங்க" என்று பின்பக்கம் எழுதச் சொன்னால், அது இன்னொரு மூன்று வருஷத்துக்கான ஏற்பாடு.

வட்டி கந்துவட்டியாக இருந்தால் 2003-ம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டப்படி போலீசில் புகார் தரலாம்.

பணம் போன அன்றே புரோநோட்டின் பின்புறம் "முழுதும் பெற்றுக்கொண்டேன், கணக்குத் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, நோட்டையும் இரண்டு செக்கையும் கையோடு கொண்டு வாருங்கள். செக் காணோம் என்றால் அதன் எண்களைக் குறித்துக் கடிதம் வாங்கி, வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கும் கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். அந்தச் செக் திரும்பி நோட்டீஸ் வந்தால் கெடு 15 நாள்தான். அதற்குள் தீர்வுக் கடித நகலோடு வக்கீல் மூலம் பதில் போய்ச் சேர வேண்டும்.