வெளிச்சத்துக்குக் கொடுத்த பணம்: விளையாட்டுக் கணினி பற்றித் திருகோணமலை வாசகர்களுடன் கேள்வி-பதில்

கேள்வி: மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு விளையாட்டுக் கணினி கேட்கிறான். மூன்று இலட்சம் ரூபா வரை செலவழிக்கலாம். கடையொன்றில் ‘ஐ7’ கணினியை அதில் பாதி விலைக்கே தருகிறார்கள். எடுக்கலாமா? (உவர்மலையிலிருந்து ஒரு தந்தை)

பதில்: ‘ஐ7’ என்பதற்குப் பின்னால் வரும் இலக்கம் என்ன என்று கேளுங்கள். ‘3770’ என்று பதில் வந்தால், அது 2012இல் வெளியான புரொசெசர், அதாவது கணினியின் மூளை; எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக் களைத்த பெட்டியைத் துடைத்து, அதற்குள் வண்ண வெளிச்ச விசிறிகளைப் பூட்டி உங்களிடம் நீட்டுகிறார்கள். 2022இல் வந்த ஐ5-12400எஃப் அதை வேகத்தில் எளிதாக முந்தும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இன் அதிகாரபூர்வப் பட்டியலில் அந்தப் பழைய புரொசெசர் இல்லை. பையன்கள் உயிரை விடும் வலோரன்ட் விளையாட்டு, விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் திறக்கவே திறக்காது.

மூன்று இலட்சம் என்றால் அதில் மூன்றிலொரு பங்கையோ சற்றுக் கூடவோ, திரையில் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்ட்டுக்கு ஒதுக்குங்கள். 1080பி திரைக்கு ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 3060 தாராளமாகப் போதும். 3060இல் 12 ஜிபி நினைவகம் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். 8 ஜிபியோடும் ஒன்று உண்டு, அது வேகம் குறைந்தது. புரொசெசருக்கு மேற்சொன்ன 12400எஃப் அல்லது ரைசன் 5 5600 போதுமானது. 2025இன் பிற்பகுதியிலிருந்து ரம் (கணினியின் தற்காலிக நினைவகம்) விலை உலகெங்கும் ஏறியிருப்பதால் இப்போதைக்கு 16 ஜிபியுடன் நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் அதனை 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்குங்கள். ஒற்றைத் துண்டாகப் போட்டால் நினைவகத்துக்குப் போகும் பாதையில் பாதி மூடிக் கிடக்கும்.

கேள்வி: கேஸுடன் (கணினியின் வெளிப்பெட்டி) 500 வாட் பவர் சப்ளை (மின்வழங்கி) இலவசமாக வருகிறது. அப்படியிருக்க, தனியாக ஒன்று வாங்குவது வீண் செலவு அல்லவா? (ஆண்டாங்குளம் வாசகர்)

பதில்: அந்த இலவசப் பெட்டியைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையை வாசித்துப் பாருங்கள். ‘+12 வோல்ட்’ என்ற நிரலின் கீழ் எத்தனை அம்பியர் என்று எழுதியிருக்கும். 18 என்று இருந்தால், பன்னிரண்டால் பெருக்க 216 வாட். வெளியே பெரிய எழுத்தில் அச்சிட்ட 500 வெறும் அலங்காரம். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட் இழுக்கும், 12400எஃப் உச்சத்தில் 117 வாட் வரை போகும். மிகுதியை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட், மின்சாரத்தை வீணாக்காததற்கான 80 பிளஸ் வெண்கலச் சின்னம், குறைந்தது மூன்று வருட உத்தரவாதம் என்று கேளுங்கள். நான் முன்பு இப்படியொரு இலவசத்தை நம்பி எடுத்தேன். அது போகும்போது, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்ட்டையும் கூட்டிக்கொண்டு போனது.

கேள்வி: கண்ணாடிக் கேஸ், ஆறு வண்ண விசிறி, திரவக் குளிரூட்டி, 12400எஃப் எல்லாம் வாங்கிவிட்டேன். கிராபிக்ஸ் கார்ட்டை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருக்கிறேன். திரையில் ஒன்றும் தெரியவில்லையே? (லிங்கநகர்)

பதில்: தெரியாது. ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் புரொசெசர்களில் படம் காட்டும் பகுதி இயங்காது. அடுத்த வருடம் வரை விசிறிகளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

கேள்வி: பாவித்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை முகநூலில் பார்த்து, வங்கியில் பணம் போட்டேன், கார்ட் கொழும்பிலிருந்து பொதியில் வந்தது. விளையாட்டைத் திறந்தால் கணினி நின்றுவிடுகிறது. விற்றவர் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். கடலுக்குப் போய் உழைத்த காசு. (கிண்ணியா இளைஞர்)

பதில்: தம்பி, உங்களிடம் வந்தது பெரும்பாலும் 2010, 2011 காலத்துப் பழைய கார்ட், அதற்குள் பதிந்திருக்கும் பயோஸ் என்ற மென்பொருளை மாற்றி எழுதி, புதுப் பெயரைச் சொல்ல வைத்திருப்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். போலி என்றால் பெயருக்கு முன்னால் அதையே எழுதிக் காட்டும். உண்மையான 1050 டிஐயில் 768 கூடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) இருக்கும். பின்பக்கம் நீல நிறத்தில் பதினைந்து துளைகளுள்ள விஜிஏ சொருகி இருந்தாலே சந்தேகப்படலாம், ஏனெனில் 1050 டிஐ வரிசைச் சிப்களிலிருந்து, அவற்றைச் செய்யும் என்விடியா நிறுவனம் அந்தப் பழைய வெளியீட்டை எடுத்துவிட்டது. விளம்பரம், உரையாடல், வங்கிச் சீட்டு, பொதியின் உறை ஆகிய அனைத்தையும் படமெடுத்துப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்; பணம் போன கணக்குக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். உங்களிடம் தவறில்லை, ஏமாற்றியவனிடம்தான் இருக்கிறது.

இதே சந்தையில் ஆர்எக்ஸ் 580 கார்ட் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்: 2304 கோர்கள் உள்ளதே முழுமையானது, ‘2048எஸ்பி’ என்று வருவது குறைத்துச் செய்யப்பட்டது. இரண்டுக்கும் ஒரே விலை சொல்வார்கள்.

கேள்வி: பற்றுச்சீட்டு வேண்டாம் என்றால் ஐயாயிரம் குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: வேண்டும் என்று சொல்லுங்கள்.

கேள்வி: வீடு திருக்கடலூரில், கடலுக்கு மிக அருகில். வாங்கி இரண்டு மாதம் ஆகுமுன் மதர்போர்ட் நின்றுவிட்டது. பின்பக்கச் சொருகிகளில் துரு இருப்பதால் உத்தரவாதம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். (ஓர் ஆசிரியை)

பதில்: இலங்கைக் கணினிக் கடைகளின் பற்றுச்சீட்டுகளில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், பல காலமாக ஒரே பாட்டு: எரிந்த அடையாளம், துரு, மின்னல், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை, ஒரு வருடம் என்றால் பல கடைகளில் 350 நாட்கள்தான். மூன்று பக்கமும் உப்புக் காற்று வீசும் ஊரில் துருவை விலக்கிவிட்டு, ஒக்ரோபர், நவம்பரில் இடி முழங்கும் ஊரில் மின்னலையும் விலக்கிவிட்டு, எஞ்சியிருப்பதற்கு உத்தரவாதம் என்று பெயர் சூட்டுவது எந்த நியாயம்? வாடிக்கையாளர் காசை எண்ணி வைக்கும்போது அந்த வரியை வாசித்துக் காட்டும் கடைக்காரரை நான் இன்னும் காணவில்லை. உங்கள் விடயத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் இருந்தது இரண்டு மாதத்துக்கும் குறைவு என்றால், அதற்கு முன் அந்தப் போர்ட் யாருடைய களஞ்சியத்தில், எப்படிக் கிடந்தது? துருப்பிடித்த இடத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டா என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம்; ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்யவேண்டும் என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம்.

இனி வாங்கும்போது, கடையிலேயே பெட்டியைத் திறந்து, சொருகிகளையும் புரொசெசர் அமரும் இடத்தையும் பற்றுச்சீட்டோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கணினியைக் கடலைப் பார்த்த யன்னலின் கீழ் வைக்காதீர்கள்.

கேள்வி: செக்கனுக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹேர்ட்ஸ் மொனிற்றர் வாங்கியும் பழையதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. (நிலாவெளி)

பதில்: கேபிளை மதர்போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா, கிராபிக்ஸ் கார்ட்டிலா என்று முதலில் பாருங்கள். பிறகு விண்டோஸின் காட்சி அமைப்பில் 60 என்று நிற்பதை 144 ஆக மாற்றுங்கள். மொனிற்றரைக் குறை சொல்ல அதன் பிறகு வாருங்கள்.

கேள்வி: 650 விஏ யூபிஎஸ் (மின்சாரம் போனால் பற்றரியில் ஓட்டும் பெட்டி) போதுமா? மின்வெட்டு வந்தாலும் ஒரு மணித்தியாலம் விளையாடலாம் என்கிறார் விற்பவர். (சாம்பல்தீவு)

பதில்: விஏ (வோல்ட்-அம்பியர்) என்பது வாட் அல்ல. 650 விஏ யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதும், அதற்காக வாங்குங்கள். ஒரு மணித்தியாலம் என்று சொன்னவரிடம் அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.