செர்ரி பூ பார்க்கப் போக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவர் ஐந்து ஏக்கரில் விவசாயம் செய்கிறார். மகள் கணவர், குழந்தையோடு டோக்கியோவில் இருக்கிறாள். வரும் பங்குனியில் செர்ரி மரங்கள் பூக்கும்போது எல்லோரும் வந்துவிடுங்கள் என்று கூப்பிடுகிறாள். நான், கணவர், பிளஸ் டூ படிக்கும் மகன், 73 வயது மாமியார் என நான்கு பேர். டிக்கெட் மட்டும் 2,60,000 ரூபாய், மற்ற செலவுகளோடு 3,40,000 ஆகும் என்கிறார்கள். மகள் பணம் அனுப்புகிறேன் என்றால் கணவர் ஒப்பவில்லை. "பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்துக் காசில் ஊர் சுற்றுவதா" என்கிறார். நகையை வைத்து 9 சதவீத வட்டிக்கு வாங்கிவிடலாம், சம்பா வந்ததும் மீட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். கையில் 2 லட்சம் வைப்புத்தொகை இருக்கிறது. சம்பாவில் செலவு போக 1,60,000 நிற்கும். என் சம்பளத்தில் மாதம் 15,000 மிச்சம் பிடிக்கலாம். அத்தை முழங்கால் வலிக்காரர். அடுத்த வருஷம் அவரால் முடியுமோ என்னமோ என்பதுதான் எங்கள் அவசரத்துக்குக் காரணம். என்ன செய்யலாம்?

பதில்: போகலாம் சகோதரி. ஆனால் நகையை வைக்க வேண்டாம். இந்த வருஷம் நான்கு பேரும் போகவும் வேண்டாம். உங்கள் கணவரும் மாமியாரும் போய்வரட்டும். நீங்களும் மகனும் அடுத்த வருஷம் போங்கள். படிக்கும்போது மனசு சுணங்கும் என்று தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பாருங்கள்.

முதலில் பூவின் கணக்கு. டோக்கியோவில் செர்ரி பூக்கும் நாளை மாதக்கணக்கில் முன்கூட்டி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. யாசுகுனி கோயில் வளாகத்தில் நிற்கும் ஒரு மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால்தான் நகரத்தில் பூ தொடங்கியதாக அந்நாட்டு வானிலை மையம் அறிவிக்கும். 2023-இல் அது மார்ச் 14. அடுத்த வருஷமே மார்ச் 29. அங்கிருந்து ஒரு வாரத்தில் முழுப் பூ, அதற்கடுத்த ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். ஏஜென்ட் சொல்லும் ஆறு நாள் பேக்கேஜில் போனால், மொட்டையோ உதிர்ந்த கிளையையோ பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். தேதி மாற்றிக்கொள்ளும் டிக்கெட்டுக்கோ விலை அதிகம்.

உங்களுக்கு மகள் வீடு இருக்கிறது. தங்குகிற செலவு இல்லாதவர்கள் மார்ச் 20 வாக்கில் போய் ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை இருந்தால் பெரும்பாலும் பூ தப்பாது. முன்பின் ஆனாலும் ஷின்ஜுகு கியோஎன் தோட்டத்தில் பல வகை மரங்கள் உண்டு. அடுக்கிதழ் வகைகள் ஏப்ரல் நடுவில்கூடப் பூத்திருக்கும். உயேனோ பூங்காவுக்குக் கட்டணமே கிடையாது, மரத்தடியில் விரிப்பு போட்டு நாள் முழுக்க உட்காரலாம். கால் வலிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான சுற்றுலா வேறு எது?

இப்படி மூன்று வாரம் இருக்க யாரால் முடியும்? உங்களால் முடியாது. மார்ச் கடைசி வாரம் வரை மகனுக்குப் பொதுத்தேர்வு நடக்கும். உங்களுக்கோ வெளிநாடு போகத் துறையின் அனுமதி வேண்டும், ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் நீண்ட விடுப்பும் கிடைக்காது. அப்படியே கிடைத்தாலும் நாலைந்து நாளுக்காக ஆளுக்கு 65,000 கொடுப்பீர்கள். உங்கள் கணவருக்கோ சம்பா அறுப்பு முடிந்து வயல் ஓய்ந்திருக்கும். தெளித்த உளுந்து மட்டும்தான் நிற்கும். அதைப் பிடுங்கி அடிக்க ஒரு பங்காளியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இனி நகை. 3,40,000-க்கு 9 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 30,600 ரூபாய் வட்டி. என் கவலை வட்டி மட்டும் அல்ல. சம்பாவில் நிற்பது 1,60,000. அது முழுவதையும் கட்டினாலும் கடனில் பாதிகூட அடையாது, நகை வங்கியிலேயே கிடக்கும். ஊர் திரும்பிய இரண்டாவது மாதம் ஜூன் 12. அன்று மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நாற்று, உழவு, உரம் என்று பணம் கேட்கும். அதே சமயம் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் வந்து நிற்கும். கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆனால் நகை வேறு இடத்தில் மாட்டியிருந்தால் அங்கே ஈடு காட்ட என்ன இருக்கும்? கந்துவட்டிக்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போன டெல்டாக் குடும்பங்களில் பல, விளைச்சல் இல்லாமல் போகவில்லை. ஆனியில் வேண்டிய பணத்தைப் பங்குனியிலேயே செலவழித்துவிட்டுப் போனவை. உங்கள் நகை ஆனி மாதத்துக்கானது. அதைத் தொடாதீர்கள்.

சரி, பணத்துக்கு வழி? இரண்டு டிக்கெட் 1,30,000. பாஸ்போர்ட், விசா, காப்பீடு, கைச்செலவு எல்லாம் சேர்த்து 35,000 வையுங்கள். அந்த 35,000-ஐ அடுத்த மூன்று மாதச் சம்பள மிச்சத்திலிருந்து எடுங்கள். டிக்கெட்டுக்கு வைப்புத்தொகையை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்குங்கள். வங்கிகள் வழக்கமாக வைப்புக்குத் தரும் வட்டியைவிட ஒரு சதவீதம்தான் கூடுதலாகக் கேட்கும். ஜனவரி தொடக்கத்தில் வாங்கி, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியதும் அடைத்தால் வட்டி 2,000 ரூபாய்க்குள் முடியும்.

ஒரு நிபந்தனை உண்டு. ஜனவரிக்கு முன் டிக்கெட் போடாதீர்கள். கார்த்திகை, மார்கழி மழையில் பயிர் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதிர் பால் பிடித்து, தண்ணீர் வடிந்து, இந்த வருஷம் தேறிவிட்டது என்று உங்கள் கணவர் வாயால் சொன்ன பிறகு பணத்தைக் கட்டுங்கள். அதற்குள் விலை ஆளுக்கு மூவாயிரம், நாலாயிரம் ஏறியிருந்தாலும் பரவாயில்லை. பயிர் போன வருஷத்தில் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பதைவிட அது மலிவு.

பேக்கேஜ் வேண்டாம், டிக்கெட் மட்டும் எடுங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்று ஒரு வரியைச் சேர்த்துப் பிடிப்பார்கள். அது திரும்பக் கிடைக்கும், ஆனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் உங்கள் கணவர் தாக்கல் செய்யாதவராக இருக்கலாம். அந்த அலைச்சல் எதற்கு? திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் போனால் சென்னைக்குப் போய்வரும் செலவும் மிச்சம். மாறும் இடத்தில் அத்தைக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள், தனிக்கட்டணம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள், சாதாரணப் புத்தகத்துக்கு ஆளுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் ஆகாது. விசாவை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒருமுறை நுழையும் விசாவை மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும், அதனால் ஜனவரியில் போட்டால் சரியாக இருக்கும். மகளின் அழைப்புக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். காப்பீட்டில் அத்தையின் பழைய நோய்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். மறைத்துவிட்டால் அங்கே ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும். காப்பீடு வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டி, இவ்வளவு நேரம் விமானத்தில் உட்காரலாமா என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அவசரத்துக்கே காரணம் இல்லை. எல்லோருமாக அடுத்த வருஷம் யோசிக்கலாம்.

உங்கள் கணவரின் ரோஷத்தை நான் மதிக்கிறேன். டிக்கெட்டை அவரே எடுக்கட்டும். அங்கே போன பிறகு மகள் சமைத்துப் போடுவதையும் ரயிலுக்குச் சீட்டு எடுப்பதையும் தடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பெற்ற பெண்ணுக்கும் செய்து பார்க்க ஆசை இருக்கும்.

உங்கள் முறைக்கு, வருகிற பிப்ரவரியிலிருந்து மாதம் 12,000 வீதம் 12 மாத ஆர்.டி. போடுங்கள். வட்டியைச் சேர்க்காமலேயே 1,44,000 வரும். மிச்சம் 3,000-ஐ மகனின் படிப்புக்கு ஒதுக்குங்கள். ஏப்ரல் கடைசியில் உங்கள் பள்ளி மூடும்போது டோக்கியோவில் பூ முடிந்திருக்கும். ஆனால் வடக்கே ஹொக்கைடோவில், சப்போரோ நகரத்தில், வழக்கமாக அந்தச் சமயத்தில்தான் தொடங்கும். மே முதல் வாரத்தில் ஜப்பானில் தொடர் விடுமுறை என்பதால் மகளுக்கும் லீவு கிடைக்கும். அந்த நாட்களில் உள்ளூர்ப் பயணக் கட்டணம் ஏறும், ஆகவே டோக்கியோவிலிருந்து சப்போரோவுக்கான டிக்கெட்டை மகளிடம் சொல்லி மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள்.