நல்ல வேலையை ஏன் விட்டார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெருமாநல்லூரிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தார். கைமடி எனப்படும் உதவியாளராகச் சேர்ந்து, டெய்லராகி, கடைசியில் லைன் சூப்பர்வைசராக இருந்தார். ஒழுங்கான சம்பளம், பி.எஃப்., தீபாவளிக்குப் போனஸ் எல்லாம் இருந்தது. சென்ற தை மாதம் வேலையை விட்டுவிட்டு, ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, பழைய மெஷின்கள் எட்டு வாங்கிப் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. இப்போது என் நகையைக் கேட்கிறார். முன்பு வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் கையில் நிற்கிறது என்று அண்ணி சொல்கிறார். பிறகு எதற்கு இது என்று கேட்டால், "உனக்குச் சொன்னால் புரியாது" என்கிறார். அப்பா பணத்தாசை என்று திட்டுகிறார். எனக்கு வீம்பு என்று தோன்றுகிறது. நல்ல வேலையில் இருப்பவர்கள் ஏன் ஐயா இப்படிக் கிளம்புகிறார்கள்? நகையைக் கொடுக்கலாமா?

தங்கள் வாசகி,
ந.

அன்புள்ள ந.,

அப்பா சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பதினான்கு வருடம் பனியன் கம்பெனியில் இருந்து ஒரு லைனையே நடத்தியவருக்கு, ஒரு பீஸுக்கு என்ன கூலி வரும், அதில் டெய்லருக்கு எவ்வளவு போகும், வாடகையும் கரண்டும் கொடுத்தபின் என்ன மிஞ்சும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் நிற்கும் என்று தெரிந்தேதான் அவர் இறங்கியிருக்கிறார்.

இது திருப்பூரில் மட்டும் நடப்பதில்லை. பார்ட்டன் ஹாமில்டன் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர்களின் வருமானத்தை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்து வருடம் தொழில் நடத்திய பிறகும், நடுத்தட்டில் இருக்கும் ஒருவரின் வருமானம், அவர் வேலையிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவு என்று அதில் காட்டினார். மேலே போன சிலருடைய பெரிய வருமானம்தான் நம் கண்ணில் படுகிறது. மற்றவர்கள் குறைவாகச் சம்பாதித்துக்கொண்டே விடாமல் நடத்துகிறார்கள். அப்படியானால் பணத்தைத் தவிர வேறெதுவோ அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

அது என்ன என்பதை எனக்குப் புரியவைத்தவர், எங்கள் வீதியில் குடியிருந்த ஒரு கட்டிங் மாஸ்டர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்தார். பின்னல் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். பிரித்து விரித்தால் மெல்ல மெல்லத் தன் இயல்பான அளவுக்குச் சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு இரவாவது துணியைத் தளர விட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால், மேசையில் சரியாக இருக்கும் அளவு, தைத்து முடித்து அயர்ன் போடும்போது குறைந்துவிடும். அவருக்கு இது விரல் நுனியில் தெரியும். துணியைக் கையில் எடுத்து லேசாக இழுத்துவிட்டாலே, இது இன்றைக்கு ஆகாது என்று சொல்லிவிடுவார்.

ஆனால் கப்பல் தேதி நெருங்கிவிட்டது என்று மேலே இருந்தவர்கள் உடனே வெட்டச் சொன்னார்கள். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. வெட்டினார். உயரம் குறைந்து சரக்கு திரும்பியது. பழி அவர் தலையில் விழுந்தது. அடுத்த ஆர்டரிலும் அதுவே நடந்தது. அன்று அவரிடம் யாரும் கடுமையாகக்கூடப் பேசவில்லை, சம்பளத்தையும் பிடிக்கவில்லை. இருந்தும் அடுத்த மாதமே வெளியே வந்து, கடன் வாங்கி, சொந்தமாகக் கட்டிங் மேசை போட்டார். ஏன் என்று கேட்டேன். "தப்பு என்று தெரிந்தே இன்னொரு தடவை கத்தியை வைக்க என்னால் ஆகாது" என்றார்.

உங்கள் அண்ணன் "சொன்னால் புரியாது" என்பதும் இதைப் போன்ற ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு தொழிலில் கைமடியாக நுழைந்து படிப்படியாக ஏறியவருக்கு, ஒரு கட்டத்தில் வேலை முழுவதும் தெரிந்துவிடும். எந்த டெய்லருக்கு எந்த வேலை வரும், எந்தப் பண்டலை முதலில் ஏற்ற வேண்டும், எந்த ஆர்டரை எடுக்கவே கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தீர்மானம் மட்டும் வேறொருவர் கையில் இருக்கும். தனக்குத் தெரிந்ததற்கு எதிராகத் தினமும் கையை ஓட்டுவது எவ்வளவு பெரிய வாதை என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சம்பளம் உயர்ந்தாலும் அது தீராது. சூப்பர்வைசர் வேலையில் இன்னும் கூடும். மேலே சொல்வதைக் கீழே சொல்ல வேண்டும், கீழே நடக்காததற்கு மேலே பதில் சொல்ல வேண்டும், இரண்டிலும் தன் சொல் என்று ஒன்றும் இருக்காது. வீம்பு என்று நீங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வேலை தெரிந்தவரின் வீம்பை நான் குறையாக எண்ண மாட்டேன்.

பெரிய தொழில்களின் தொடக்கத்திலும் இது இருந்திருக்கிறது. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் சகோதரர்களோடு கருத்து வேறுபட்டு, குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்து 15,000 ரூபாயில் ஷாம்பு தயாரிக்கத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் கெவின்கேர் ஆயிற்று. வீட்டுத் தொழிலிலேயே இருந்திருந்தால் அவருக்குச் சோற்றுக்குக் குறைவிருந்திருக்காது.

ஆனால் மனக்குறை உலகம் முழுக்க எல்லா வேலையிலும் இருக்கிறது. வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் இருப்பவர்கள் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டே ஓய்வு பெறுகிறார்கள். திருப்பூரில் மட்டும் இத்தனை பேர் வெளியே வந்து தொழில் தொடங்குவதற்கு அந்த ஊரின் அமைப்பும் ஒரு காரணம். நூலைப் பின்னுவது ஓரிடம், சாயம் ஓரிடம், துணியின் அளவை நிலைப்படுத்தும் காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டறைகள். முழு பனியனையும் தயாரிக்கும் அளவுக்கு முதலீடு தேவையில்லை, ஏதோ ஒரு கட்டத்து வேலை தெரிந்தால் போதும். பவர்டேபிளில் இன்னும் எளிது. வெட்டிய துணி கொடுக்கிறவருடையது. மெஷினும் ஆளும் மட்டும் நம்முடையது. துணிக்கு முதல் போட வேண்டியதில்லை என்பதால்தான் நேற்றுவரை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் இன்று எட்டு மெஷினுக்கு முதலாளி ஆக முடிகிறது.

எழுபதுகளின் இறுதியில் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்த கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள். அதன் பிறகு ஏற்றுமதி பெருகியபோது, கிணறு வற்றிய காட்டை விற்றும் அடகு வைத்தும் வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர், முதலில் கூலிக்குத் தைத்து, பிறகு பங்கு சேர்ந்து, பிறகு தனியாகப் போனார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் போனதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத் தாமும் போகலாம் என்று தோன்றியது. இந்தத் துணிச்சல் பெரும்பாலும் இப்படி ஒருவரைப் பார்த்து ஒருவருக்கு வருவதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. சொந்தக்காரரின் கம்பெனி, சொந்தச் சாதிக்காரரின் ஜாமீன், விற்க ஒரு துண்டுக் காடு இவையெல்லாம் இருந்தவர்களுக்குக் கடன் நம்பிக்கையில் கிடைத்தது. அதே மெஷினில் அதே திறமையோடு உட்கார்ந்திருந்த தலித் டெய்லருக்கு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. பெண்கள் நிலை இன்னும் மோசம். செக்கிங்கிலும் தையலிலும் நிறைந்திருப்பவர்கள் அவர்கள்தான். ஒரு பீஸைப் புரட்டிப் பார்த்தே எந்தத் தையல் எங்கே தப்பியது என்று சொல்லிவிடும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் பட்டறை வைத்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் உங்கள் அண்ணனுக்கு வந்த அதே எண்ணம் வந்திருக்கும். நகையைக் கொடுக்க ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கூட்டம் ஒன்றும் உண்டு. மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2015–16இல் எடுத்த கணக்கின்படி, நாட்டில் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சுமார் 6.34 கோடி. அவற்றில் வேலை செய்பவர்கள் சுமார் 11.1 கோடி. அதாவது ஒரு தொழிலுக்குச் சராசரியாக இரண்டு பேர்கூட இல்லை. இவர்களில் பெரும்பாலோர் யாரையும் வேலைக்கு வைக்காதவர்கள். தள்ளுவண்டியில் இட்லிக்கடை, வீட்டுத் திண்ணையில் பெட்டிக்கடை, பிளாட்பாரத்தில் செருப்புத் தைப்பு. இவர்களும் சொந்தத் தொழில்காரர்கள்தான். ஆனால் வேலை கிடைக்காததால் வந்தவர்கள். நாளைக்கே நிரந்தரச் சம்பளம் ஒன்று கிடைத்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள், தங்கள் பிள்ளைகளுக்கும் அரசாங்க வேலையைத்தான் வேண்டுவார்கள். இந்த இரு தரப்பையும் சேர்த்து 'தொழில்முனைவோர்' என்று மேடையில் கொண்டாடுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. வேறு வழியில்லாமல் வந்தவர்களுக்கு வேண்டியது பாராட்டில்லை, வேலை.

உங்கள் அண்ணன் வேலை இருந்தும் விட்டவர். அதனால் அவரைப் பற்றி நான் பயப்படுவது நோக்கத்தைக் குறித்தல்ல. சனிக்கிழமைகளைக் குறித்துத்தான்.

திருப்பூரில் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்களும் கைமடிகளும் வாசலில் நிற்பார்கள். சம்பளம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை அவர்கள் அடுத்த ஷெட்டில் இருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் வாடகையும் மளிகைக் கடனும் இருக்கின்றன. ஆனால் தைத்துக் கொடுத்த சரக்குக்குப் பணம் இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் கழித்து வரும். அந்த இடைவெளியை வட்டிக்கு வாங்கித்தான் நிரப்புகிறார்கள். சிறு பட்டறைகள் பல, வேலை இல்லாமல் மூடுவதில்லை. கை நிறைய வேலை இருக்கும்போதே, சனிக்கிழமைப் பணத்துக்கு வழியில்லாமல் மூடுகின்றன.

மேலிருந்து வரும் அடியும் முதலில் அவர்கள் மீதுதான் விழும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த உத்தரவு நியாயமானது. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த மாதங்களில் துணி வராமல் மெஷினைத் துணி போட்டு மூடிவைத்தவர்கள், சாயத் தண்ணீரில் எந்தப் பங்கும் இல்லாத பவர்டேபிள்காரர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோதும், ஆர்டர் குறைந்தால் பெரிய கம்பெனி முதலில் வெளியே கொடுக்கும் வேலையைத்தான் நிறுத்தும் என்ற பயம் சிறு பட்டறைகளைப் பிடித்துக்கொண்டது.

இனி நகை விஷயம். கொடுங்கள் என்றோ கொடுக்காதீர்கள் என்றோ தூரத்திலிருந்து சொல்லமாட்டேன். அண்ணனோடு உட்கார்ந்து சிலவற்றைக் கேளுங்கள். ஒரே கம்பெனியை நம்பி இருக்கிறாரா, இரண்டு மூன்று இடங்களிலிருந்து வேலை வருகிறதா? பணம் வராவிட்டாலும் எத்தனை சனிக்கிழமை தாங்குவார்? நகைப் பணம் புது மெஷினுக்கா, சம்பளம் கொடுக்கவா? புது மெஷினுக்கு என்றால் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். இருக்கும் எட்டு மெஷினே நிற்காமல் ஓட வேண்டும், அதற்குச் சுழற்சிப் பணம்தான் தேவை.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அரசின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் செய்யலாம், இடைத்தரகரிடம் பணம் கொடுக்க வேண்டாம். குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்பது சட்டம். தராதவர் பணத்தைக் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2023 நிதிச் சட்டத்தில் சேர்த்தார்கள். பெரிய கம்பெனியோடு சண்டை போட முடியாத சிறியவருக்கு அது ஒரு பிடி. பதிவு இல்லாவிட்டால் அந்தப் பிடியும் இல்லை.

இதற்கெல்லாம் அவர் எரிச்சல்படாமல் நோட்டை எடுத்துக் காட்டினால், பாதி நகையைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். எவ்வளவு பவுன், எந்தத் தேதியில் மீட்டுத் தருவார் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அண்ணன் தங்கைக்குள் எதற்குக் காகிதம் என்று அம்மா வருத்தப்படுவார். பரவாயில்லை, எழுதுங்கள். அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வாராவாரம் வீட்டுச் செலவைச் சமாளிப்பவர் அவர், அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்க வேண்டாம்.

அன்புடன்.