தோட்டாவைத் தாமே நிரப்புவது ஏன்?

கேள்வி: ஆயத்தத் தோட்டாக்கள் கிடைக்கும்போது, வேட்டை ரைஃபிள் ஆர்வலர்கள் சிலர் அவற்றைத் தாங்களே நிரப்பிக்கொள்வது ஏன்? செலவு குறையுமா?

பதில்: சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறையை மீண்டும் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் ஒரு தோட்டாவுக்கான செலவு குறையும், ஆனால் அப்படிச் சேமித்தவர்கள் பெரும்பாலும் கூடுதலாகச் சுட்டே அதைத் தீர்த்துவிடுகிறார்கள். உண்மையான ஈர்ப்பு துல்லியம்தான். எடுத்துக்காட்டாக, 1906-இல் அறிமுகமான .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவைத் தயாரிக்கும் தொழிற்சாலை, அந்த அளவுள்ள எல்லா ரைஃபிள்களிலும் அது பொருந்த வேண்டும் என்று பார்க்குமே தவிர, உங்கள் கையிலுள்ள ஒரு குறிப்பிட்ட குழலுக்கு எது ஏற்றது என்று பார்க்க இயலாது. வீட்டில் நிரப்புபவரோ தோட்டாவின் முனையிலுள்ள குண்டின் எடை, அது உறைக்குள் அமரும் ஆழம், வெடிமருந்தின் அளவு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக மாற்றி, தம் ரைஃபிள் விரும்பும் சேர்க்கையைக் கண்டறிகிறார். இந்தப் பொறுமையான தேடலே பலருக்கு வேட்டையைவிடச் சுவையானது.

மருந்தை ‘கிரெயின்’ கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். இங்கே ஊகத்துக்கு இடமே இல்லை. மருந்து உற்பத்தியாளர் வெளியிடும் அட்டவணையின் தொடக்க அளவிலிருந்தே ஏற வேண்டும். ஒரு வகை மருந்துக்குரிய அளவை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் அழுத்தம் மிகுந்து ரைஃபிளே வெடிக்கக்கூடும். கழுத்தில் விரிசல் கண்ட உறையைத் தயங்காமல் கழித்துவிட வேண்டும். உரிமச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

தோட்டா உற்பத்தியே நின்றுபோன பழைய ரைஃபிள்களை வைத்திருப்பவர்களுக்கோ, பெரும்பாலும் இதுவே ஒரே வழி.